பதினாறு வருஷம் கழித்து வந்த கார்டுகள்

அத்தியாயம் 3

ஆறாவது கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கே டாக்டர் மணிமேகலை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

திண்டுக்கல் கோர்ட்டுக்கு எதிரே ஐரினின் ஜெராக்ஸ் கடை. அதில் ஓரமாக எனக்கு ஒரு மேசை. முப்பத்தொரு வருஷம் அமீனாவாக இருந்து வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோனவன் நான். சின்னக்கண்ணு என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அமீனா என்றால் தெரியும். ரிடையர் ஆன பிறகு, காணாமல் போன ஆளைத் தேடித் தருகிற வேலை. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் ஏறவில்லை. இங்கிலீஷ் வந்தால் ஐரின் படித்துச் சொல்வாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, ஒரு ஸ்கூட்டி, மூன்று ஆளுக்கு வேண்டிய வாய்.

டாக்டர் கார்டை மேசையில் வைத்தார்.

"முந்தின அஞ்சும் இதே மாதிரிதான். ஒரு பேர், ஒரு விலாசம். வேற ஒரு வார்த்தை கிடையாது."

மஞ்சள் கார்டு. ஒரு பக்கம் டாக்டர் பேரும் அவர் ஆஸ்பத்திரி விலாசமும் அச்சில் இருந்தன. மறுபக்கம் நாலு வரி அச்சு: 'பிரசவமாகி நாற்பது நாளுக்குள் உடம்புக்கு முடியாமல் போனால் இந்தக் கார்டைத் தபாலில் போடவும். ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம்.' அதற்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தது: பரிமளா, க/பெ ராமர், கிழக்குத் தெரு, அகரம்.

"இது எந்தக் காலத்துக் கார்டு?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரத்து ஒன்பது. நானே அச்சடிச்சது."

விஷயத்தை அவர் ஒரே மூச்சில் சொன்னார், நோயாளிக்கு மாத்திரை சொல்கிற மாதிரி. அப்போது அவர் ஒரு ஆராய்ச்சி செய்தார். தலைப்பிரசவம், சுகப்பிரசவம் ஆன முந்நூற்றுப் பதினெட்டுப் பெண்களை, வழக்கம்போல மூன்று நாள் வைத்திருக்காமல் மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார். போகும்போது ஆளுக்கு ஒரு கார்டு. ரத்தப்போக்கு, காய்ச்சல், எது வந்தாலும் தபாலில் போட வேண்டும். போனில் சொல்வது காற்றோடு போய்விடும், கார்டு என்றால் சாட்சியாக இருக்கும் என்பது அவர் யோசனை. ஒரு கார்டுகூடத் திரும்பவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கட்டுரை எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது.

"அதுக்கப்புறம் ஆயிரத்து நூற்று நாலு கட்டுரைகள்ல அதை மேற்கோள் காட்டியிருக்காங்க," என்றார். பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. "அதை வச்சுத்தான் பல ஊர்ல மறுநாளே வீட்டுக்கு அனுப்புறாங்க. வியாழக்கிழமை டெல்லியில ஒரு கமிட்டி. நாடு முழுக்க இதையே விதியாக்கப் போறாங்க. நான்தான் பேசணும்."

"பேசுங்க. என்ன தடை?"

"ஒரு கார்டுகூட வரலைன்னு எழுதினேன். இப்ப ஆறு வந்திருக்கு. யார் அனுப்புறாங்கன்னு தெரியணும். வியாழக்கிழமைக்குள்ள."

"மிரட்டுறானா? ஏதாச்சும் கேட்டானா?"

"இல்லை."

"யார் மேலயாவது சந்தேகம்?"

சாலையைப் பார்த்தார். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க," என்று எழுந்துவிட்டார். மற்ற ஐந்து கார்டுகளையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கதவைத் திறப்பவன் சொல்கிற முதல் வாக்கியம் பொய்.

"டாக்டரம்மா முகத்தைப் பார்த்தீங்களா?" என்றாள் ஐரின். "மயக்க ஊசியைத் தனக்கே போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்காங்க."

"அது கிடக்கட்டும். ஆயிரத்து நூற்று நாலு, ஆயிரத்து நூற்று நாலுங்குது. அப்படின்னா என்ன?"

"உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். ஒருத்தர், இந்தக் கடையில பரோட்டா நல்லாருக்குன்னு எழுதி வைக்கிறார். அதைப் படிச்சிட்டு இன்னொருத்தர், 'அவர் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கார்'னு எழுதுறார். அதைப் பார்த்து இன்னொருத்தர். இப்படி ஆயிரத்து நூற்று நாலு பேர்."

"இதுல பரோட்டா தின்னவன் எத்தனை பேரு?"

"முதல் ஆளு ஒருத்தர்தான்."

"அவன் தின்னானா?"

ஐரின் வாயைத் திறந்தாள், மூடினாள். அது எப்போதாவதுதான் நடக்கும்.

"கோர்ட்டுல ஒருத்தன் சொன்னதைக் கேட்டு இன்னொருத்தன் சாட்சி சொன்னா ஜட்ஜு எந்திரிச்சுப் போடாங்குவாரு," என்றேன். "அத விடு. நான் முந்நூத்திப் பதினெட்டு வீட்டுக்குச் சம்மன் கொண்டு போனா, அம்பதாச்சும் ஆள் இல்லைன்னு திரும்பும். ஒண்ணுகூடத் திரும்பலைன்னு வை. எல்லாம் ஒழுங்கா போய்ச் சேந்துச்சுன்னு சந்தோஷப்பட மாட்டேன். கொண்டு போனவனைப் பிடிச்சு உலுக்குவேன்."

ஆறு கார்டையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். தபால் முத்திரை வழக்கம்போல வெறும் கரி. ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் கார்டு பேசியது. ஒன்றில் ஆணி ஓட்டை இருந்தது. ஒன்றை மூலையில் எலி கடித்திருந்தது. மூன்றாவதில் மஞ்சள் கறை. நாலாவது நாலாக மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது. ஐந்தாவதில் மண்ணெண்ணெய் வாடை. ஆறாவது மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி மடிப்பில்லாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரி பீரோவுல இருந்து எவனாவது கட்டா திருடியிருந்தா ஆறும் ஒண்ணு போலப் பழசாயிருக்கும்," என்றேன். "இது ஆறு வீட்டுல ஆறு விதமாப் பழசாயிருக்கு. எவனோ வீடு வீடாப் போய் வாங்கியிருக்கான்."

"உங்க தொழிலுக்குப் போட்டி வந்துருச்சு."

"ஸ்டாம்பைப் பாரு."

ஆறிலும் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. ஒட்ட வேண்டாம் என்று அச்சில் இருந்தும் ஒட்டியிருந்தது. ஒட்டாமல் போட்டிருந்தால் இத்தனை வருஷம் கழித்துத் தபால்காரர் டாக்டரிடம் அபராதம் வசூலித்திருப்பார்.

"மிரட்டுறவன், வாங்குறவன் தண்டம் கட்டட்டும்னு விட்டுருவான்," என்றேன். "இவன் அந்தம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கான்."

ஐரின் ஒரு கார்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இவன் இல்லை சார், இவள். மேல மூலையைப் பாருங்க. பென்சில்ல சின்னதா ஒரு சிலுவை. பிள்ளையார் சுழி போடுற இடத்துல சிலுவை போட்டிருக்கு. எங்க அத்தை மளிகைச் சீட்டு எழுதினாக்கூட இப்படித்தான் தொடங்கும். பென்சில் புதுசு, தேய்ச்சா வருது."

"சிலுவை ஆம்பளையும் போடுவான்ல?"

"எங்க ஆம்பளைங்க பேனாவே தொட மாட்டாங்க சார். கிளம்புங்க."

ஆறாவது கார்டின் விலாசத்துக்கு முதலில் போனோம். தாடிக்கொம்பு தாண்டி அகரம். கிழக்குத் தெருவில் ராமர் வீடு கேட்டதும் கையைக் காட்டினார்கள். வாசலில் ஒரு கிழவி சாக்கை விரித்துச் செவ்வந்திப் பூவில் அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ராமருடைய தாய், பேர் ஜக்கம்மாள்.

"வாங்கப்பு. என்ன சோலியா வந்தீக?"

கார்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பார்த்த உடனே தெரிந்துகொண்டார்.

"இது எங்க வீட்டுக் கார்டுல்ல? போன வாரந்தான் நர்ஸம்மா வந்து வாங்கிட்டுப் போச்சு. உங்க கைக்கு எப்பிடி வந்துச்சு?"

ஐரின் என் காதருகே, "கேஸ் முடிஞ்சுது, டீ சாப்பிடலாம்," என்றாள்.

"இம்புட்டு வருசம் இது எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரேஷன் கார்டு உறைக்குள்ள. கவர்மெண்டுத் தாளு, தொலஞ்சா வம்பாயிரும்னு பத்திரமா வச்சிருந்தேன். ஒரு மடிப்பு விழுகல பாத்தீகளா?"

"யாரு உங்ககிட்ட குடுத்தா?"

"ஆசுபத்திரியிலதான். எம்மகன் கையெழுத்துப் போட்டான், அவன் கையில குடுத்தாக. அவன் எங்கிட்ட குடுத்தான்."

"பரிமளா எங்க?"

கிழவி ஒரு பூவை எடுத்துப் பார்த்து நல்ல குவியலில் போட்டார்.

"அவ எங்கப்பு இங்க வந்தா? தலப்பிரசவம்ல. ஆசுபத்திரியில இருந்து நேரா அவ ஆத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. குஜிலியம்பாறைப் பக்கம். மூணாம் மாசம் புள்ளையத் தூக்கிட்டு வர்றதா இருந்துச்சு. பதினேழாம் நாளு ரத்தமாப் போயி அங்கனயே முடிஞ்சுபோச்சு. கரூருக்குக் கொண்டுபோற வழியில. சேதி வந்துச்சு, போனோம்."

"அப்ப இந்தக் கார்டு?"

"அது உடம்புக்கு முடியலன்னா போடுறதாம்ல. அவதான் போயிட்டாளே. பெறகு என்னத்தப் போட?"

கிழவி அழவில்லை. பொறுக்கிய பூ குவியலில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆத்தா, அந்த நர்ஸம்மா யாரு, எங்கன இருக்குன்னு தெரியுமா?" என்று ஐரின்தான் கேட்டாள்.

"தெரியாம என்ன? நம்பரு குடுத்துட்டுப் போயிருக்குல்ல. செவத்துல எழுதியிருக்கு, பாரு தாயி."

காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் பேனாவால் எழுதியிருந்தது: செபஸ்தியம்மாள், சின்னாளப்பட்டி. கீழே பத்து இலக்கத்தில் போன் நம்பர். எழுத்துக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது ஐரின் சொன்னாள். "ஒளிஞ்சவளைத் தேடி வந்தோம். அவ பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் எழுதி வச்சிட்டுப் போயிருக்கா. துப்பறியிற தொழிலுக்கே அவமானம் சார் இது."

"நேரா அங்க போக வேணாம். இன்னொரு வீட்டைப் பாத்துட்டுப் போவோம்."

"எதுக்கு?"

"ஒரு வீட்டுல சொன்னதை நான் நம்புறதில்ல."

இரண்டாவது கார்டு பேகம்பூர். நியாஸ் என்பவர் பிளாஸ்டிக் குடம், வாளி விற்கிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. கார்டைப் பார்த்ததும், "எலி கடிச்சது. என்னோடதுதான்," என்றார். கடை லைசன்ஸோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம்.

"உங்க சம்சாரம் அப்ப எங்க இருந்தாங்க?"

"வத்தலக்குண்டுல, மாமனார் வீட்டுல. கிதர் முகம்மதுன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். முதல் பிள்ளை அங்கதானே பெரியவரே? நாப்பது கழிச்சுத்தான் இங்க வந்துச்சு."

"உடம்புக்கு எதுவும்?"

நியாஸ் திரைக்குப் பின்னால் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஒன்பதாம் நாளு ரத்தம் நிக்கல. பெரியகுளத்துக்குக் கொண்டு போனாங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. ஒரே பிள்ளைதான்."

"அப்ப கார்டு போடலையா?"

"எந்தக் கார்டு?" என்றது குரல். "இவரு கடையில ஒரு கார்டு இருந்துச்சுன்னு எனக்கு அந்த நர்ஸம்மா வந்த பிறகுதான் தெரியும்."

நியாஸ் குனிந்து ஒரு குடத்தைத் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "வியாபாரத்துல மறந்துட்டேன் பெரியவரே. அது பெரிய ஆஸ்பத்திரி ஆச்சே, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்," என்றார்.

வண்டி மதுரை ரோட்டில் போனது. ஐரின் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "முந்நூத்திப் பதினெட்டு பொண்ணுங்க. எல்லாம் தலைப்பிரசவம். அத்தனை பேரும் அம்மா வீட்டுக்குப் போயிருக்கு. கார்டு பூராம் புருஷன் வீட்டுக்குப் போயிருக்கு. இது சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே சார். அத்தனை படிச்சவங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

சின்னாளப்பட்டியில் இரண்டாவது தெருவில் வீடு. செபஸ்தியம்மாள் அறுபத்தொரு வயது, வலது கால் கொஞ்சம் விந்தல். மடியில் ஒரு கைக்குழந்தை. எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்தா? உக்காருங்க அண்ணே. யாராவது வருவாங்கன்னு நினைச்சேன். ஜெஸ்ஸி, ரெண்டு டீ போடு."

ஜெஸ்ஸி அவர் மகள். குழந்தை ஜெஸ்ஸியுடையது. அகரத்தில் கேட்டதையும் பேகம்பூரில் கேட்டதையும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"எதுக்கு மறைஞ்சிருந்து அனுப்புனீங்க?" என்றேன்.

"மறைஞ்சிருந்தா? அதுல அச்சடிச்சிருக்கிறபடிதானே செஞ்சேன். முடியாமப் போனாத் தபால்ல போடவும்னு இருக்கு. போட்டேன்."

"அந்தப் பேரெல்லாம் எழுதினது?"

"நான்தான். அந்த வார்டுல கார்டு குடுக்கிற வேலை எனக்கு. யாரு கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்களோ அவங்க கையில குடுக்கணும். அதுதான் விதி. மாப்பிள்ளை போடுவார், இல்லைன்னா மாமியார் ரேகை வைக்கும். பொண்ணோட அம்மா வாசல்ல ஆட்டோ வச்சிக்கிட்டு நிக்கும். அண்ணே, நான் அப்பவே சொன்னேன். 'மேடம், கார்டு ஒரு பக்கம் போகுது, பொண்ணு ஒரு பக்கம் போகுது'ன்னு. 'பொறுப்பு கையெழுத்துப் போட்டவங்களுக்கு, சிஸ்டர்'னாங்க. மறு வருஷம் என்னை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க. நானும் மறந்துட்டேன். மறந்துட்டேன்னுதான் சொல்லணும்."

"பெறகு இப்ப எதுக்கு ஞாபகம் வந்துச்சு?" இது ஐரின்.

செபஸ்தியம்மாள் குழந்தையின் முதுகைத் தட்டினார். "ஜெஸ்ஸிக்கு ஓசூர்ல பிரசவம். மறுநாளே போகச் சொல்லிட்டாங்க. ஏன்னு சண்டை போட்டேன். அந்தச் சின்ன டாக்டர் போன்ல ஒரு கட்டுரையைக் காட்டினார். உலகம் பூரா இதைத்தான் பின்பற்றுதும்மான்னார். பார்த்தா மேடம் பேரு. முந்நூற்றுப் பதினெட்டு, சைபர்னு போட்டிருக்கு. அந்த முந்நூற்றுப் பதினெட்டும் என் கையால குடுத்த கார்டு. இங்க கூட்டிட்டு வந்தேன். பதினோராம் நாள் இவளுக்கு ரத்தம். நான் நர்ஸா இருக்கப்போய் அடையாளம் தெரிஞ்சுது, பொழைச்சா."

உள்ளே எழுந்து போய்ப் பழைய பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்டது, அவர் எடுத்து வைத்திருக்கிறார். பேர், புருஷன் வீட்டு விலாசம், கையெழுத்து. சில பேருக்கு நேரே பென்சிலில் கோடு.

"வைகாசியில இருந்து பஸ்ல போய்க்கிட்டிருக்கேன். தொண்ணூற்று நாலு வீடு முடிஞ்சுது. எழுபத்து மூணு வீட்டுல கார்டு இல்லை, தூக்கிப் போட்டிருக்காங்க. பொண்ணைப் பார்த்துப் பேசினேன், நல்லாத்தான் இருக்கு. மத்ததுல கார்டு இருந்துச்சு. அதுல ஆறு பேருக்குத்தான் அப்ப முடியாமப் போயிருக்கு. ஒண்ணு செத்துப்போச்சு. அந்த ஆறைத்தான் போட்டேன்."

"இன்னும்?"

"இன்னும் இருநூற்று இருபத்து நாலு வீடு இருக்கு அண்ணே."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்தோம். என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். பணம் இல்லை, மன்னிப்பும் இல்லை என்றார். "மேடம் வியாழக்கிழமை டெல்லியில பேசப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. அந்தச் சைபரை மறுபடியும் சொல்லாம இருந்தாப் போதும்."

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுவர் நிறையச் சான்றிதழ். படி ஏறும்போதே ஐரினிடம் சொல்லிவைத்திருந்தேன்: டாக்டர் எல்லாவற்றையும் கேட்பார், அந்தப் பதிவேட்டை விலைக்கு வாங்க முடியுமா என்பார், நம்மிடமே பேரம் பேசுவார். அதுதான் நடக்கும்.

"செபஸ்தியம்மாள்," என்றேன்.

"தெரியும்," என்றார் டாக்டர்.

ஐரின் என்னைப் பார்த்தாள்.

"முதல் கார்டுல அந்தச் சிலுவையைப் பார்த்ததுமே தெரியும். கேஸ் ஷீட்டுல எல்லாம் போட்டுத் திட்டு வாங்குவா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப என்னை எதுக்கு வெயில்ல அலைய விட்டீங்க? கதவைத் திறந்ததும் பொய் சொல்றவங்களை நிறையப் பாத்திருக்கேன் டாக்டரம்மா. நீங்க தேடி வந்து பொய் சொன்னீங்க."

"அவளுக்கு என் மேல கோபம் இருக்கலாம். அவ சொன்னா நான் நம்ப மாட்டேன். நானே போனா, டாக்டர் வந்திருக்காங்கன்னு அந்த வீட்டுக்காரங்க எனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லுவாங்க. அவ பேரை உங்ககிட்டச் சொல்லியிருந்தா நேரா அவளைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிறுத்தியிருப்பீங்க. விலாசத்தைப் பிடிச்சுப் போயிருக்க மாட்டீங்க. யாரையும் நம்பாத ஆள் ஒருத்தர் வேணும்னு கோர்ட்டுல விசாரிச்சேன். உங்க பேரைச் சொன்னாங்க." கைகளை மேசைமேல் வைத்தார். "சொல்லுங்க. கார்டு யார் கையில இருந்துச்சு?"

சொன்னேன். ரேஷன் கார்டு உறை, கடைப் பெட்டி, குஜிலியம்பாறை, பதினேழாம் நாள், வத்தலக்குண்டு, பெரியகுளம், தொண்ணூற்று நாலு வீடு. எதையும் மெதுவாக்கிச் சொல்லவில்லை. எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

"அவ அன்னைக்கே சொன்னா," என்றார் டாக்டர் கடைசியில். "வாசல்ல வச்சுச் சொன்னா. எனக்கு அன்னைக்கு அவசரம். என்ன பதில் சொன்னேன்னுகூட ஞாபகம் இல்லை."

"பொறுப்பு கையெழுத்துப் போட்டவங்களுக்குன்னீங்க," என்றாள் ஐரின்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். நாலைந்து நிமிஷம் தட்டினார். ஐரின் பின்னால் போய் நின்று எனக்காகத் தமிழில் சொன்னாள். "அந்தப் பத்திரிகைக்கு எழுதுறாங்க. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருந்தேன். எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கணும். அவ்வளவுதான் சார். டெல்லிக்கும் இதையே அனுப்புறாங்க."

பட்டனை அமுக்கும்வரை நான் நம்பவில்லை. அமுக்கினார்.

"இப்ப அந்த ஆயிரத்து நூற்று நாலு பேருக்கும் இது போய்ச் சேருமா?" என்று கேட்டேன்.

"பத்திரிகையில போடுவாங்க. பார்க்கிறவங்க பார்ப்பாங்க."

"பாக்காதவங்க?"

டாக்டர் முகம் காலையில் இருந்த மாதிரியேதான் இருந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திடீரென்று எழுந்து கதவைத் திறந்து, வார்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"சிஸ்டர், இன்னைக்கு யார் யார் வீட்டுக்குப் போனாங்க?"

ஒரு இளம் நர்ஸ் பதிவேட்டோடு வந்தாள். "மூணு பேர் மேடம். காலையில பத்து மணிக்கே போயிட்டாங்க. நேத்துப் பிரசவமானவங்க."

"திரும்பக் கூப்பிடு. மூணு பேரையும்."

நர்ஸ் விழித்தாள். ஆனாலும் போன் செய்தாள். முதல் ஆளின் புருஷன் மில்லில் ஷிப்டில் இருந்தான். பொண்டாட்டி எரியோட்டில் இருப்பதாகச் சொன்னான், அங்கே நம்பர் வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது வீட்டில் மாமியார் எடுத்தார், நத்தம் என்றார். மூன்றாவது போன் அணைத்திருந்தது. மூன்று தடவை போட்டும் அணைந்தே இருந்தது.

"பேர்?"

"புவனேஸ்வரி, கணவர் பேர் பிரபு. பத்தொன்பது வயசு. விலாசம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் மேடம், புருஷன் வீடு."

"அது வேணாம். அவளோட அம்மா வீடு எங்க?"

நர்ஸின் விரல் அந்த வரியில் கட்டம் கட்டமாக நகர்ந்து தாளின் ஓரத்துக்குப் போய் நின்றது.

"அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

டாக்டர் பதிவேட்டை வாங்கினார். கடைசிக் கட்டத்துக்கு வெளியே, காலியாக இருந்த ஓரத்தில், மேலிருந்து கீழே பேனாவால் ஒரு கோடு கிழித்தார். ஸ்கேல் இல்லாமல் கிழித்ததால் வளைந்துவிட்டது. தலைப்பில் தாய்வீடு என்று எழுதினார். எரியோடு, நத்தம் என்று இரண்டு வரியை நிரப்பினார். மூன்றாவது வரி காலி.

பதிவேட்டை மூடாமலே என்னிடம் நீட்டினார்.

"ஐரின்," என்றேன், "வண்டியில பெட்ரோல் இருக்கா?"

"ஒட்டன்சத்திரம் வரைக்கும் இருக்கு. அதுக்கு மேல அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு சொன்னாத்தான் கணக்குச் சொல்ல முடியும்," என்றாள் அவள். சாவி ஏற்கனவே அவள் கையில் இருந்தது.